மச்சினன் பார்க்கிற சர்வரை வெளியாள் வந்து எதுக்குப் பார்க்கணும்?

கேள்வி: சார், கப்பலூர் சிட்கோவுல சின்னதா ரப்பர் பார்ட்ஸ் கம்பெனி வச்சிருக்கோம், பிரைவேட் லிமிடெட். ஆபீஸ்ல 14 கம்ப்யூட்டர், ஒரு சர்வர், அதுல டேலி, அப்புறம் கஸ்டமர் குடுத்த டிராயிங் எல்லாம் கிடக்கிற ஒரு ஃபோல்டர். ஐடி வேலை மொத்தமும் 2014-ல இருந்து என் மச்சினன்தான் பார்க்கிறாப்ல. தங்கமான பையன், ராத்திரி போன் அடிச்சாலும் வண்டிய எடுத்துட்டு வந்து நிப்பாப்ல. இப்போ நாங்க சப்ளை பண்ற சென்னை கம்பெனியில இருந்து ஒரு மெயில், உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஆளை வச்சு ஐடி செக்யூரிட்டியை ரிவியூ பண்ணி ரிப்போர்ட் குடுங்க, அடுத்த வருஷ ஆர்டருக்கு அது வேணும்னு. மச்சினன்கிட்ட சொன்னேன், மூஞ்சி சுண்டிப்போச்சு. கொட்டேஷன் ரெண்டு வாங்கினேன், ஒண்ணு 35 ஆயிரம், இன்னொண்ணு 2 லட்சத்து 20 ஆயிரம். எங்களுக்கு ஆன்ட்டிவைரஸ் போடுற கடைக்காரர் நானே ஃப்ரீயா ஆடிட் பண்ணித் தர்றேன்ங்கிறார். இது நிஜமாவே தேவையா, இல்ல சும்மா சடங்கா? யாரை வைக்கிறது? அந்த மெயிலுக்கு என்னன்னு பதில் போடுறது? (பேர் போட வேண்டாம்.)

பதில்: அண்ணே, முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்புறம் விவரத்துக்குப் போவோம். தேவைதான். அது சடங்கா முடியுமா உருப்படியா முடியுமாங்கிறது நீங்க யாரை வைக்கிறீங்க, ரிப்போர்ட் யார் கைக்கு வருதுங்கிறதுலதான் இருக்கு. ஃப்ரீ ஆடிட் வேண்டவே வேண்டாம். 35 ஆயிரம் ஆளுகிட்ட ஒரு ரெண்டு கேள்வி கேக்கணும், பாதிப் பேரு அதுலயே கழண்டுக்குவாங்க.

ரப்பர் புஷ் செஞ்சு குடுக்கிறவன்கிட்டப் போயி இதெல்லாம் கேக்கிறாய்ங்களேன்னு உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும், எழுத்துலயே தெரியுது. அவங்களுக்கு இந்தப் பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த எரிச்சல் கொஞ்சம் குறையும். 2013 கடைசியில அமெரிக்காவுல டார்கெட்ங்கிற பெரிய கடைக் கம்பெனியில இருந்து சுமார் 4 கோடி கார்டு விவரம் களவு போச்சு. திருடன் நேரா டார்கெட்டோட வாசல்ல போயி முட்டல, அவங்க கடைகளுக்கு ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை பார்த்துக் குடுத்த ஒரு சின்ன கான்ட்ராக்டரோட யூசர்நேம் பாஸ்வேர்டைத் திருடி அது வழியா உள்ள போனான். அதுக்கப்புறம் பெரிய கம்பெனிக எல்லாம் நமக்கு சப்ளை பண்றவன் எப்படி இருக்கான்னு பார்க்க ஆரம்பிச்சது. உங்க விஷயத்துலயே யோசிச்சுப் பாருங்க, உங்க சர்வர்ல கிடக்கிற டிராயிங் உங்களுது இல்ல, அவங்களுது. இன்னொண்ணு, உங்க மெயில் ஐடி ஒருத்தன் கைக்குப் போயி, அதுல இருந்து சென்னை அக்கவுன்ட்ஸுக்கு 'எங்க பேங்க் மாறிடுச்சு, இந்த மாசப் பேமென்ட்டை இந்த நம்பருக்குப் போட்டுருங்க'ன்னு ஒரு மெயில் போனா, அவங்க போட்டுட்டா, அது யாரோட காசு? மாசக்கணக்கா ரெண்டு பக்கமும் சண்டைதான் நடக்கும். மதுரையில இந்தச் சண்டைய நான் கிட்ட இருந்து பார்த்திருக்கேன், அதுல ஜெயிச்சவங்கன்னு யாரும் கிடையாது.

சரி, வெளியாள் ஏன்? மச்சினனுக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியப் போகுதுன்னுதான உங்க மனசுல ஓடுது. சில சமயம் உங்க மச்சினனுக்குத்தான் அதிகம் தெரியும், அதை நான் மறுக்கல. ஆனா இது யாருக்கு அறிவு ஜாஸ்திங்கிற விஷயம் இல்ல. உங்க கணக்கையே எடுத்துக்கோங்க. அக்கவுன்டன்ட் வருஷம் பூரா எழுதுறார், கடைசியில வெளிய இருந்து ஒரு சிஏ வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுறார். என்மேல சந்தேகமான்னு உங்க அக்கவுன்டன்ட் என்னைக்காவது கோவிச்சுக்கிட்டாரா? கம்பெனிகள் சட்டம் 2013-ல 144-ஆவது பிரிவு இதை நல்லா இறுக்கிக் கட்டி வச்சிருக்கு, ஆடிட் பண்றவர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக்கூடாது, உள் ஆடிட் பண்ணக்கூடாது, கணக்கு சிஸ்டத்தை டிசைன் பண்ணி அமைச்சும் தரக்கூடாது. செஞ்சவரே செஞ்சதுக்குச் சான்று குடுக்கக் கூடாதுங்கிறதுதான் விஷயம். சிஏ வர்றது நமக்குப் பழகிப்போச்சு, கம்ப்யூட்டருக்கு ஆள் வர்றது இன்னும் பழகல, அவ்வளவுதான்.

நம்ம தெக்குப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கு. 2019 அக்டோபர் கடைசியில கூடங்குளத்துல வைரஸ்னு செய்தி கிளம்புனப்ப முதல்ல நிலையத்துல இருந்து அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு மறுப்பு வந்துச்சு. மறுநாளே, 30-ந் தேதி, அணுமின் கழகம் ஆமா இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க, நிர்வாக வேலைக்கு வச்சிருந்த இன்டர்நெட் தொடர்புள்ள நெட்வொர்க்குல ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, ஆலைய ஓட்டுற சிஸ்டத்துக்கும் அதுக்கும் தொடர்பு இல்லன்னாங்க. எல்லாரும் அந்த மறுப்பைப் பத்தித்தான் பேசுனாங்க, எனக்கு அந்த அறிக்கையில முக்கியமாப் பட்டது வேற வரி. விஷயம் செப்டம்பர் 4-ந் தேதியே தெரிய வந்திருக்கு, அதை அவங்களுக்குச் சொன்னது வெளிய இருந்த செர்ட்-இன், அதாவது மத்திய அரசோட சைபர் அவசர அமைப்பு. பாதுகாப்புக்குன்னே தனி ஆளுக இருக்கிற இடத்துக்கே வெளிய இருந்து ஒருத்தர் வந்து சொல்ல வேண்டி இருந்துச்சு.

2017-ல எக்விஃபேக்ஸ் கதை இன்னும் கொடுமை. கடன் ஸ்கோர் போடுற கம்பெனி, காசுக்குப் பஞ்சமே இல்ல. மார்ச் மாசம் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல ஓட்டைன்னு தெரிஞ்சு அதை அடைக்கிற பேட்ச் வந்துருச்சு, 48 மணி நேரத்துக்குள்ள போடுங்கன்னு உள்ளயே எல்லாருக்கும் மெயிலும் போச்சு, அப்புறம் அவங்களே ஓட்டை எங்க இருக்குன்னு தேடுற ஸ்கேன் ஓட்டிப் பார்த்தாங்க, ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. ஓட்டை அப்படியேதான் இருந்துச்சு. இதுல நெட்வொர்க்குல என்ன போகுது வருதுன்னு பார்க்க வச்சிருந்த பெட்டியில சர்டிஃபிகேட் காலாவதியாகி அது மாசக்கணக்கா எதையும் பார்க்காம சும்மா கிடந்திருக்கு, திருடன் 76 நாள் உள்ள உலாத்திட்டுப் போனான், 14 கோடிக்கு மேல ஆளுகளோட விவரம் போச்சு. அங்க யாரும் வேலை பார்க்காம தூங்கல. பார்த்தாச்சு, சரியா இருக்குன்னு அவங்க அவங்களையே நம்பிட்டாங்க, அதான்.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம்னு நினைப்பீங்க, நம்ம சைஸ்ல ஒண்ணு சொல்றேன். திருமங்கலம் பக்கம் ஒரு கம்பெனி, உங்களை விடக் கொஞ்சம் சின்னது, பேர் வேண்டாம். அங்கயும் ஒரு பையன்தான் எல்லாம், சுறுசுறுப்பான பையன். ரிவியூ பண்ண நாங்க போனோம். உள்ள காலெடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே வெளிய இருந்து அவங்க இன்டர்நெட் ஐபிய, அதாவது இன்டர்நெட்ல அவங்க ஆபீஸோட விலாசத்தை, தட்டிப் பார்த்தா 3389-ங்கிற போர்ட், உள்ள போற ஒரு கதவு மாதிரி, திறந்து கிடக்கு. ரிமோட் டெஸ்க்டாப்ண்ணே, வேற இடத்துல இருந்து கம்ப்யூட்டரை இயக்குற வசதி, உலகத்துல எவன் வேணாலும் சர்வரோட லாகின் ஸ்கிரீன் வரைக்கும் வந்து நிக்கலாம், இந்த மாதிரித் திறந்து கிடக்கிறதை எல்லாம் வரிசையா லிஸ்ட் போட்டுக் காட்டுறதுக்குன்னே ஷோடான்னு ஒரு தேடுபொறி இருக்கு. ஏன் திறந்துச்சுன்னு கேட்டா, 2020 லாக்டவுன்ல அக்கவுன்டன்ட் ஒத்தக்கடையில வீட்டுல இருந்து டேலி பார்க்கத் திறந்தது, அப்புறம் அவர் ஆபீஸுக்கு வந்துட்டார், கதவு அப்படியே இருக்கு. யூசர்நேம் டேலி, பாஸ்வேர்ட் டேலிக்குப் பின்னாடி ஒரு வருஷம். தெனமும் அதைத் தாண்டித்தான் அந்தப் பையன் வேலை பார்க்கிறான், அவன் கண்ணுக்கு அது படாது.

அடுத்து பேக்கப். இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா உங்க இடத்துலயும் இதே மாதிரி இருக்க நெறைய வாய்ப்பு. பேக்கப் எடுக்கிறீங்களான்னு கேட்டோம், தெனமும் ராத்திரி ஆட்டோமேட்டிக்கா போகுது சார்னு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுனான், வரிசையா பச்சை டிக், ஒரு நாள் கூடத் தப்பல, முதலாளியும் பின்னாடி நின்னு பெருமையாப் பார்க்கிறார். சரிப்பா, போன வாரத்து பில் ஒண்ணை பேக்கப்ல இருந்து எடுத்து என் லேப்டாப்புல திறந்து காட்டுன்னு சொன்னோம். எடுத்தான், திறந்தான், கம்பெனி பேர் வருது, வருஷம் வருது, ஆனா கடைசி என்ட்ரி எப்பவோ பழசா நிக்குது. அவன் மறுபடி திறக்கிறான், அதேதான். என்ன ஆச்சுன்னா, டேலிய புது வெர்ஷனுக்கு மாத்துறப்ப டேட்டா வேற ஃபோல்டருக்குப் போயிருச்சு, பேக்கப் சாஃப்ட்வேருக்கு அது தெரியாது, அது பாட்டுக்குப் பழைய ஃபோல்டரை ராத்திரி ராத்திரி காப்பி பண்ணி டிக் போட்டுக்கிட்டே இருந்திருக்கு. காப்பி பண்றதுல ஒரு தப்பும் இல்ல, அதனால எரரும் வரல. போதாததுக்கு பேக்கப் போற ஹார்ட் டிஸ்க் 24 மணி நேரமும் சர்வர்லயே சொருகிக் கிடந்துச்சு, ஃபைலை எல்லாம் பூட்டி வச்சுக்கிட்டுப் பணம் கேக்கிற ரான்சம்வேர் வந்திருந்தா அதையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கும். அன்னைக்கு அந்த முதலாளி மூஞ்சியில வேர்த்ததை ஏசியால நிப்பாட்ட முடியல.

இதுல ஒண்ணு கவனிங்க, அந்தக் கேள்வியைக் கேக்க பெரிய படிப்பு ஒண்ணும் தேவையில்ல. ஆனா பச்சை டிக்கைத் தெனமும் பார்க்கிறவனுக்கு அதைக் கேக்கணும்னே தோணாது.

இப்ப உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கிற விஷயத்துக்கு வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி ரிப்போர்ட்ல வர்ற குறைகள்ல நெறைய ஐடி ஆளோட குறையா இருக்காது, முதலாளியோட குறையா இருக்கும். மெயிலுக்கு ஓடிபி போடலாம்னு சொல்லியிருப்பான், ஒவ்வொரு தடவையும் போனைத் தேடணுமா போப்பான்னு நீங்க சொல்லியிருப்பீங்க. சர்வர்ல விண்டோஸ் பழசு, மாத்தணும்னு எழுதிக் குடுத்திருப்பான், தீபாவளி கழிச்சுப் பார்ப்போம்னு இருப்பீங்க, எந்த தீபாவளின்னு சொல்லியிருக்க மாட்டீங்க. உங்க பாஸ்வேர்ட் ரிசப்ஷன் பொண்ணுக்குத் தெரியும், டிரைவருக்குக் கூடத் தெரியலாம். வேலைய விட்டுப் போன மேனேஜரோட மெயில் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும், அதுல பழைய கஸ்டமர் எழுதுவாங்க, இருக்கட்டும்னு நீங்கதான் சொல்லியிருப்பீங்க. இதுல எதையாவது உங்க மச்சினன் ஒரு பேப்பர்ல எழுதி, 'அத்தான், முதல் ஆபத்து நீங்கதான்'னு உங்ககிட்ட நீட்ட முடியுமா? முடியாது. அக்காவும் மாப்பிள்ளையும் சம்பந்தப்பட்ட விஷயம், ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல சாப்பிட வரணும் அவரு. வெளியாளுக்கு அந்தப் பிரச்சனையே இல்ல, எழுதிட்டு பில்லைக் குடுத்துட்டுப் போயிருவான். நான் இத்தனை ஆபீஸ் ஏறி இறங்கிப் பார்த்ததுல, சுயேச்சையான ரிவியூவால கம்பெனிக்குக் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான்னு சொல்லுவேன், உறவும் சம்பளமும் தடுக்கிற பேச்சு எழுத்துல வந்து உங்க மேஜையில உக்காருது.

அதனாலதான் சொல்றேன், ரிப்போர்ட் நேரா உங்க கைக்கு வரணும். மச்சினன் வழியா, மேனேஜர் வழியா வந்தா வழியிலயே இளைச்சிரும்.

அந்த ஃப்ரீ ஆடிட் கடைக்காரர் விஷயம் இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும். அவர் கெட்டவர்னு சொல்லல, ஆனா அவர் ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கம் ஒரு ஃபயர்வால் கொட்டேஷனாத்தான் இருக்கும், அவர் விக்கிற பொருள்ல குறைன்னு அவரே எழுதப் போறது கிடையாது. குறை சொல்றவரும் அதைச் சரி பண்ணிக் காசு வாங்குறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. அப்படி இருந்தா குறை கூடிக்கிட்டேதான் போகும்.

35 ஆயிரத்துக்கு வர்றவர்கிட்ட என்ன கேக்கணும்னா, எத்தனை ஆள் வருவீங்க, எத்தனை நாள் உக்காருவீங்க, டூல் ஓட்டுறது போக கையால என்ன செய்வீங்க. நெஸ்ஸஸ் மாதிரி ஓட்டைகளைத் தானாத் தேடுற ஸ்கேனர் சாஃப்ட்வேர் ஒண்ணை ஓட்டி அது கக்குற இருநூறு பக்கத்தை அப்படியே பைண்ட் பண்ணிக் குடுக்கிறவங்க நெறையப் பேர் இருக்காங்க. ஸ்கேனர் தப்புன்னு இல்ல, நாங்களும்தான் ஓட்டுறோம், ஆனா மேல சொன்ன பேக்கப் கதை எந்த ஸ்கேனர்லயும் வராது, ரிசப்ஷன் பொண்ணுக்கு உங்க பாஸ்வேர்ட் தெரியுங்கிறதும் வராது. அதுக்காக 2 லட்சத்து 20 ஆயிரம்காரர் தானா நல்லவர்னு ஆயிராது. ரெண்டு பேர்கிட்டயும் பழைய ரிப்போர்ட் ஒண்ணு, கம்பெனி பேரை அழிச்சுட்டுக் காட்டச் சொல்லுங்க. அதுல ஒவ்வொரு குறைக்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கா, இது நடந்தா என்ன நஷ்டம்னு உங்களுக்குப் புரியுற மாதிரி எழுதியிருக்கா, எதை முதல்ல சரி பண்ணணும்னு வரிசை இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் படிச்சு உங்களுக்கே தலையும் புரியல வாலும் புரியலன்னா வேண்டாம், எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் வேண்டாம். உங்க சைஸுக்கு, 14 கம்ப்யூட்டருக்கு, அவங்க சொல்ற நாள் கணக்கை வச்சுப் பேரம் பேசலாம், தாராளமாப் பேசுங்க.

செர்ட்-இன் வெப்சைட்ல அவங்க அங்கீகரிச்ச ஆடிட் கம்பெனிகளோட லிஸ்ட் இருக்கு, உங்க சென்னை கஸ்டமர் அந்த லிஸ்ட்ல உள்ளவங்கதான் வேணும்னு கேக்க வாய்ப்பு இருக்கு, அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட அதைத் தெளிவாக் கேட்டுக்கோங்க. லிஸ்ட்ல பேர் இருக்குன்னு மட்டும் நம்பிறாதீங்க, உங்க இடத்துக்கு நேர்ல வரப் போறது யாரு, அனுபவம் என்னன்னு கேளுங்க, பெரிய பேரைக் காட்டி ஆர்டர் வாங்கிட்டு நேத்து சேர்ந்த பையனை அனுப்புறது எல்லாத் தொழில்லயும் உள்ளதுதான்.

அனுமதிக் கடிதம் இல்லாம யாரையும் கீபோர்டுல கை வைக்க விடாதீங்க. எந்த ஐபி, எந்தக் கம்ப்யூட்டர், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், எதைத் தொடக்கூடாது, இதெல்லாம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல 43, 66 பிரிவுகள்படி அனுமதி இல்லாம அடுத்தவங்க கம்ப்யூட்டருக்குள்ள போனா நஷ்டஈடு கட்டணும், அதையே மோசடி எண்ணத்தோட செஞ்சா குற்றம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அதனால அந்தப் பேப்பர் உங்களுக்கும் பாதுகாப்பு, அவங்களுக்கும் பாதுகாப்பு. பேப்பர் எதுக்கு சார், நம்ம பழக்கம்தானன்னு சொல்ற ஆடிட்டர் வந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க. தேதி போடுறப்ப மாசம் 11, 20 ரெண்டையும் ஒட்டிப் போடாதீங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுற நேரத்துல சர்வர் திணறுனா உங்க அக்கவுன்டன்ட் என்னைத்தான் திட்டுவாரு.

மறு பரிசோதனையும் அதே விலைக்குள்ளன்னு எழுதி வாங்கிருங்க. குறையைச் சொல்லிட்டுப் போறது பாதி வேலைதான், நீங்க சரி பண்ணப்புறம் திரும்ப வந்து பார்த்து இது மூடியாச்சுன்னு எழுதணும், சென்னைக்காரங்க பார்க்கப் போறதும் அதைத்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன், நான் இந்தத் தொழில்ல இருக்கேன்ங்கிறதுக்காக இதைப் பெருசா ஊதி விக்கக் கூடாது. மேல சொன்ன அதே டார்கெட் கம்பெனி, களவு போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், 2013 செப்டம்பர்ல, கார்டு பாதுகாப்புத் தரத்துல பாஸ்னு சான்று வாங்கியிருந்துச்சு. ரிவியூங்கிறது அந்தத் தேதியில, அந்த ஆள் பார்த்த இடத்துல, அவருக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தான். மறுநாளே உங்க ஆளு ஒருத்தர் வீட்டுல இருந்து வேலை பார்க்கணும்னு 3389-ஐத் திறந்தா ரிப்போர்ட் பீரோவுல தூங்கும், திருடன் உள்ள வருவான். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் சர்வர் மாத்துனா, புது ஆபீஸ் போனா, புது சாஃப்ட்வேர் போட்டா ஒரு தடவைன்னு வச்சுக்கோங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஆளையும் மாத்துங்க, அவரும் பழகிருவாரு.

சட்டப் பக்கமும் கொஞ்சம் இருக்கு, வேகமாச் சொல்லிட்டுப் போயிடறேன். 2022 ஏப்ரல் 28-ந் தேதி செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, ரான்சம்வேர் மாதிரி எதுவும் நடந்தா தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குத் தகவல் சொல்லணும், சிஸ்டம் லாக், அதாவது யார் எப்ப உள்ள வந்தாங்க, என்ன நடந்துச்சுன்னு கம்ப்யூட்டர் தானா எழுதி வைக்கிற பதிவு, எல்லாம் 180 நாளுக்கு வச்சிருக்கணும், கம்பெனிங்கிறதால உங்களுக்கும் இது பொருந்தும். உங்ககிட்ட இப்ப 180 நாள் லாக் இருக்கான்னு மச்சினன்கிட்ட கேட்டுப் பாருங்க, பதில் வர நேரமாகும். அப்புறம் உங்க ஆளுகளோட ஆதார் ஜெராக்ஸ், பேங்க் விவரம் எல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரு ஃபோல்டர்ல போட்டிருப்பீங்கள்ல, அதுக்கு 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, தகுந்த பாதுகாப்பு செய்யாம விட்டா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கு. கப்பலூர்ல ஒரு கம்பெனிக்கு அம்புட்டுப் போடுவாங்கன்னு நான் பயமுறுத்தல, சட்டம் கட்டங்கட்டமாத்தான் அமலுக்கு வருது, ஆனா நாங்க முயற்சியாவது எடுத்தோம்னு காட்ட கையில ஒரு பேப்பர் இருக்கிறது நல்லது.

மச்சினன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு நீங்க கேக்கல, ஆனா உங்க கடிதத்துல பாதி அதுதான் இருக்கு. தகவலா சொல்லாதீங்க, கலந்து பேசுங்க. எதை எதைப் பார்க்கணும்னு லிஸ்ட் போடுற வேலைய அவருகிட்டயே குடுங்க, நீ எங்கிட்ட கேட்டு நான் செய்யாம விட்டதை எல்லாம் இதுல சேத்துருன்னு சொல்லுங்க, மூஞ்சி தானாத் தெளியும். எனக்குத் தெரிஞ்ச ஐடி ஆளுக நெறையப் பேர் இந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருந்த சாமானை முதலாளிகிட்ட இருந்து வாங்கியிருக்காங்க. இன்னொண்ணு, அவரை எல்லார் முன்னாடியும் உக்கார வச்சு ரிப்போர்ட்டைப் படிக்கக் கூடாது, முதல்ல நீங்களும் ஆடிட்டரும் அவரும் மட்டும். எத்தனை குறை வந்துச்சுன்னு எண்ணி யாரையும் திட்டாதீங்க, திட்டுனீங்கன்னா அடுத்த தடவை மறைப்பாங்க.

ஆளுக வர்றதுக்கு முன்னாடி வெள்ளையடிக்கவும் வேண்டாம், இருக்கிறதை இருக்கிறபடி பார்த்தாத்தான் குடுத்த காசுக்கு அர்த்தம். ஆனா ரிமோட் டெஸ்க்டாப் வெளிய திறந்து கிடந்தா அதை மட்டும் இன்னைக்கே மூடச் சொல்லுங்க, பேக்கப்ல இருந்து ஒரு பில்லை எடுத்துத் திறந்து பாருங்க, உங்க மெயிலுக்கு ஓடிபி போடுங்க. இதுக்கெல்லாம் ஆடிட்டர் வர்ற வரைக்கும் காத்திருக்கிறது ஆபத்து.

கடைசியா அந்த மெயில். இங்கிலீஷ்ல நீங்க போட்டுக்கோங்க, உள்ள இருக்க வேண்டிய விஷயம் இதுதான். உங்க கோரிக்கை கிடைச்சது, சுயேச்சையான நிறுவனத்தை வச்சு ரிவியூ பண்ண முடிவு பண்ணியிருக்கோம். செர்ட்-இன் லிஸ்ட்ல உள்ளவங்கதான் வேணுமா, எந்த சிஸ்டம் வரைக்கும் பார்க்கணும், உங்க டிராயிங் இருக்கிற இடமும் மெயிலும் போதுமா, இல்ல மொத்த ஆபீஸுமா, எந்தத் தேதிக்குள்ள வேணும்னு தெரிவிங்க. முடிஞ்சதும் ஆடிட் நிறுவனத்தோட கையெழுத்துள்ள சுருக்க அறிக்கையும், மறு பரிசோதனை முடிஞ்ச கடிதமும் அனுப்புறோம். அவ்வளவுதான், வளவளன்னு எழுத வேண்டாம்.

முழு ரிப்போர்ட்டை மட்டும் மெயில்ல அனுப்பிறாதீங்க. உங்க ஆபீஸ்ல எந்தக் கதவு எப்படித் திறக்கும்னு படம் போட்டு எழுதுன பேப்பர் அது, சென்னையில எத்தனை பேர் இன்பாக்ஸுக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாது. முழுசாத்தான் வேணும்னு அடம் பிடிச்சா, ரகசிய ஒப்பந்தம் ஒண்ணு கையெழுத்துப் போட்டுட்டு கப்பலூருக்கு நேர்ல வந்து ஆபீஸ்ல உக்காந்து படிச்சுட்டுப் போங்க, காப்பி மட்டும் கிடையாதுன்னு சொல்லுங்க. பெரும்பாலும் சுருக்கமே போதும்னு சொல்லிருவாங்க.